கராத்தே வகுப்பில் மொகுசோ: எவ்வளவு நேரம், எப்படி?

மொகுசோ என்பது மண்டியிட்டு அமர்ந்து செய்யும் சிறு தியானம். ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் போதும். வகுப்பு தொடங்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை. சின்னப் பிள்ளைகளுக்கு முப்பது விநாடி தாராளம்; அதற்கு மேல் போனால் மூச்சை மறந்து கால்வலியைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

உட்காரும்போது இடது முழங்கால் முதலில் தரையைத் தொட வேண்டும். எழும்போது வலது பாதம் முதலில் ஊன்ற வேண்டும். ஆண்களுக்கு முழங்கால்களுக்கு நடுவே இரண்டு முஷ்டி இடைவெளி வழக்கம். கண்ணைப் பாதி திறந்து, ஓரிரு மீட்டர் தள்ளித் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். முழுக்க மூடினால் களைத்த உடம்பு தூக்கத்துக்குப் போய்விடும்.

மூச்சில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். மூக்கால் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். வயிறு அசையலாம், தோள் ஏறக் கூடாது. ‘ஆழமா இழு’ என்றதும் பலர் மார்பைத் தூக்கி வேகவேகமாக இழுக்கிறார்கள். இரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு குறைந்து விரல் நுனி கூசும், தலை கிறுகிறுக்கும். சக்தி ஏறுவதாக நினைத்து அதைத் தொடர்வது ஆபத்து. எண்ணுவதை விட்டு இயல்பாக மூச்சு விட்டாலே சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

⁂

மேலே மாஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குமித்தே (இருவர் மோதிப் பழகும் பயிற்சி) முடிந்த கையோடு யாரையும் உட்கார வைக்காதீர்கள். கடுமையாக ஓடியாடிய உடம்பு சட்டென்று நின்றால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். மூன்று நான்கு நிமிடம் நடக்க விட்டு, பேசினால் மூச்சிரைக்காத நிலைக்கு வந்தபிறகு உட்காரலாம்.

தலையில் அடி வாங்கியவரை மொகுசோவில் சேர்க்கவே கூடாது. குழப்பம், குமட்டல், தள்ளாட்டம் எதுவும் அசையாமல் அமர்ந்திருப்பவரிடம் வெளியே தெரியாது. தனியாக உட்கார வைத்து, ஒருவர் பக்கத்திலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அறிகுறி ஒன்று தெரிந்தாலும் நேரே மருத்துவமனைதான்.

கால் மரத்துப்போனவர் அப்படியே எழுந்தால் கணுக்கால் மடங்கிவிடும். பாதம் இருக்கும் இடமே அவருக்குத் தெரியாது. முதலில் கால்விரல்களை ஊன்றி, இடுப்பைக் குதிகால்மேல் தூக்கி, உணர்ச்சி திரும்பும்வரை காத்திருக்கட்டும். முழங்காலில் பழைய காயம் இருந்தால் சம்மணம் போட்டு உட்காரலாம். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

⁂

உட்கார முடியாதவர்களுக்குச் சீன முறையில் நின்றபடி செய்யும் ஜான் ஜுவாங் இருக்கிறது. பாதங்கள் தோளகலம், முழங்கால் லேசாக மடங்கி, கைகள் பெரிய பந்தை அணைத்த மாதிரி மார்பு உயரத்தில். தொடக்கத்தில் மூன்று நிமிடம். பழகப் பழக வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்பது, இடுப்பைப் பின்னால் வளைப்பது, இரண்டும்தான் முதுகுவலிக்குக் காரணம். தொடை நடுங்கினால் பயமில்லை; மூட்டுக்குள் குத்தினால் உடனே நிறுத்துங்கள்.

நேரத்தைக் கூட்ட நினைப்பவர்கள் வகுப்பு நேரத்தில் கைவைக்காமல் வீட்டில் காலையில் பத்து நிமிடம் உட்காரட்டும். போட்டிக்குக் களமிறங்குவதற்குச் சற்று முன்பு நீண்ட தியானம் வேண்டாம்: சூடேறிய தசை ஆறிவிடும், முதல் சுற்றில் கால் நகராது. அந்த இடத்தில் ஐந்தாறு நிதான மூச்சு விட்டு, மறுபடி கால் துள்ளலுக்குப் போய்விட வேண்டும்.