ஜீன் சைலன்சிங்: 'மரபணுத் தணிப்பு' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஒரு மரபணுவின் வேலையைக் குறைப்பதை ஆங்கிலத்தில் ஜீன் சைலன்சிங் என்கிறார்கள். அதற்கு 'மரபணுத் தணிப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதையொட்டி எழும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> 'மரபணு மௌனமாக்கல்' என்றே வைத்துக்கொண்டால் என்ன? எல்லோருக்கும் புரிகிறதே.

புரியும்தான். ஆனால் மரபணு மாற்றுப் பயிர்களின் பாதுகாப்பு மதிப்பீட்டை எழுதும்போது இந்தச் சொல் தடுக்கும். அங்கே முதலில் வரும் கேள்வியே 'எவ்வளவு?' என்பது. அமெரிக்க வேளாண் துறை 2014இல் அனுமதித்த இன்னேட் உருளைக்கிழங்கையே பாருங்கள். கிழங்கில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்திலிருந்து, வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத வேதிப்பொருள் உண்டாகிறது. அது குறைவதற்காக, அஸ்பராஜினை உருவாக்கும் மரபணுவின் வேலையைக் குறைத்தார்கள். அஸ்பராஜின் அடியோடு போய்விடவில்லை, குறைந்தது. மௌனத்தில் பாதி, முக்கால் என்று ஏது? '80 விழுக்காடு தணிந்தது' என்றால் தயக்கமில்லாமல் வாயில் வருகிறது.

> அப்படியானால் 'முடக்கம்'?

அதை நாக்அவுட்டுக்கு விட்டுவிடுவோம். அங்கே மரபணுவையே சிதைக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் மரபணு இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது. புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமந்து அதிலிருந்து கிளம்பும் தூது ஆர்.என்.ஏ.தான் வழியில் வெட்டுப்படுகிறது. செல்லுக்குள் ஈரிழை ஆர்.என்.ஏ. உண்டானதும் டைசர் என்ற நொதி அதை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டை ஏந்திய ரிஸ்க் என்னும் புரதக் கூட்டு, பொருந்தும் வரிசை எந்தத் தூதில் இருந்தாலும் அதை வெட்டிவிடும்.

> 'ஒடுக்கம்' ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறதே?

நல்ல சொல்தான். ஆனால் பள்ளிப் பாடத்தில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஒடுங்கு மரபணு என்றால் மெண்டலின் பட்டாணிதான் நினைவுக்கு வரும். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் மாணவர் திண்டாடுவார்.

தணிப்பில் எனக்குப் பிடித்தது அதன் வினை இணை: தணிதல், தணித்தல். 1990இல் பெட்டூனியாப் பூவின் ஊதாவைக் கூட்டுவதற்காக நிற மரபணுவின் இன்னொரு படியைச் சேர்த்தார்கள். பல செடிகளில் பூ வெள்ளையாகப் பூத்தது. மரபணு தானாகத் தணிந்தது. அமெரிக்க அறிவியலாளர்கள் ஃபயரும் மெல்லோவும் 1998இல் புழுவில் ஈரிழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தித் தணித்தார்கள், 2006இல் நோபல் பெற்றார்கள். தன்வினையும் பிறவினையும் ஒரே வேரிலிருந்து கிடைக்கின்றன.

> ஆஃப்-டார்கெட் எஃபெக்ட்டுக்கு 'பக்கவிளைவு' போதாதா?

போதவே போதாது. குறிவைத்த மரபணுவை விட்டு வேறொரு மரபணு தணிந்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒழுங்குமுறைச் சண்டை முழுவதும் இந்த இடத்தில்தான் நடந்தது. பூச்சியைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும் பி.டி. பயிர் என்றால், அந்தப் புதுப் புரதத்தைப் பிரித்தெடுத்து, செயற்கை இரைப்பைநீரில் செரிக்கிறதா, ஒவ்வாமை தரும் புரதங்களை ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தணிப்புப் பயிரில் அதற்காகப் புதுப் புரதமே உண்டாவதில்லை. அந்தச் சோதனைகளுக்கு இங்கே பிடிமானமே இல்லை.

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. மாவுச்சத்து மாற்றிய கோதுமையை உருவாக்கியபோது, நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்து ஜாக் ஹைன்மன் 2012இல் ஒரு கேள்வி எழுப்பினார்: கோதுமையில் குறிவைத்த வரிசை, மனித உடல் சர்க்கரையைச் சேமிக்கும் வடிவமான கிளைக்கோஜனை உருவாக்கும் மரபணு ஒன்றோடும் பொருந்தினால்? அந்நாடுகளின் உணவுத் தர நிர்ணய அமைப்பு 2013இல் பதில் சொன்னது: எல்லா உணவிலும் சிறு ஆர்.என்.ஏ. இருக்கிறது, காலம் காலமாகத் தின்றுவருகிறோம், செரிமானத்தில் சிதைந்துவிடும். அரிசியின் நுண் ஆர்.என்.ஏ. எலியின் கல்லீரலில் வேலை செய்வதாகச் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகத்தார் சொன்னதையும் மற்ற ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது அப்படிக் காண முடியவில்லை.

மனிதரைப் பொறுத்தவரை அந்தப் பதில் வலுவானது என்றே நினைக்கிறேன். ஆனால் 'தின்ற ஆர்.என்.ஏ. ஒன்றும் செய்யாது' என்று எல்லா உயிருக்கும் பொதுவாக எழுத முடியாது. 2017இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவு செய்த மக்காச்சோளத்தில், பி.டி. புரதங்களோடு, வேர்ப்புழுவின் ஸ்னெஃப்7 மரபணுவைத் தணிக்கும் ஈரிழை ஆர்.என்.ஏ.வும் இருக்கிறது. வேரைத் தின்ற புழு சாவதே தின்ற ஆர்.என்.ஏ. வேலை செய்வதால்தான். வண்டினங்கள் பலவற்றில் இது எளிதில் நடக்கிறது, அந்துப்பூச்சிகளில் அவ்வளவாக நடப்பதில்லை. அப்புறம் தேனீ என்ன ஆகும், பொறிவண்டு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே இரண்டு சொற்கள் தேவை. அதே செடியின் வேறு மரபணு தணிந்தால் 'உட்பிறழ் தணிப்பு'. அதைத் தின்னும் வேறோர் உயிரின் மரபணு தணிந்தால் 'புறப்பிறழ் தணிப்பு'. முதலாவதைச் செடியின் மரபணுத் தொகையைக் கணினியில் ஒப்பிட்டே ஓரளவு முன்னறியலாம். இரண்டாவதற்கு வயலில் எந்தெந்த உயிர் அதைத் தின்னும் என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டையும் 'பக்கவிளைவு' என்று ஒரே பெயரில் அடைத்தால், ஒன்றைச் சோதித்துவிட்டு இரண்டையும் சோதித்ததாக ஓர் அறிக்கை சொல்லிவிட முடியும். அதற்கு நம் சொல் இடம் கொடுக்கக் கூடாது.

'புறப்பிறழ்' வாயில் சற்றே இடறுகிறது என்பது தெரிகிறது. 'அயலுயிர்த் தணிப்பு' என்றும் ஒரு மாற்று வைத்திருக்கிறேன். பூச்சியியல் படித்தவர்கள் எது வசதி என்று சொல்லுங்கள்.

அன்புடன்.