பார்க் கியோங்-வான்: கேட்சரா மலை, கோச்சா மடுவா?

ஜம்சில்_கேலரி:
கொரிய பேஸ்பால்ல பிட்சர் எறியுற பந்தைப் பிடிக்கிற கேட்சர் இவர், மட்டையால 314 ஹோம்ரன். 2000 மே 19ல ஹன்வா அணிக்கு எதிரா ஒரே ஆட்டத்துல தொடர்ந்து நாலு. 2001ல 20 ஹோம்ரன், 20 ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம்) ரெண்டையும் தாண்டின முதல் கேபிஓ (கொரிய லீக்) கேட்சர். இதுல சண்டையே இல்ல. ஆனா 2020 ஜூன் 25ல மேனேஜர் யோம் கியோங்-யோப் மயங்கி விழுந்ததும் எஸ்கே வைவர்ன்ஸ் அணி பார்க் கைக்கு வந்துச்சு. சீசன் முடிவுல 10 அணியில 9வது இடம். ஆட்டக்காரரா மலை, கோச்சா மடு.

இன்சைட்_பிட்ச்:
மே மாசத்துலயே தொடர்ந்து 10 ஆட்டம் தோத்த அணி அது. ஓட்டை விழுந்த ஓடத்துல துடுப்பைக் கொடுத்துட்டு கரை சேரலன்னு திட்டுறீங்க. பேட்டரி கோச் (கேட்சர்களுக்குப் பயிற்சி தர்றவர்) வேலையை வச்சு அளங்க. 2023ல எல்ஜி ட்வின்ஸுக்கு வந்தார், அந்த வருஷமே 29 வருஷம் கழிச்சு கோப்பை.

ஜம்சில்_கேலரி:
அந்த வருஷ கொரியன் சீரிஸ் (கோப்பைக்கான இறுதித் தொடர்) ரெண்டாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், எல்ஜி கேட்சர் பார்க் டாங்-வோன் அடிச்ச ரெண்டு ரன் ஹோம்ரன். மட்டையைப் பிடிச்சது கோச்சா? அதுவும் போக, 2024ல ஏபிஎஸ் வந்தாச்சு. பந்து ஜோனுக்குள்ள வந்த ஸ்ட்ரைக்கா, வெளிய போன பாலான்னு அம்பயருக்குப் பதிலா மெஷின் சொல்லுது. பந்தை நைசா உள்ளே இழுத்துக் காட்டுற ஃப்ரேமிங் செத்துப்போச்சு. இனி பேட்டரி கோச் எதுக்கு?

முழங்கால்_கவசம்:
ஃப்ரேமிங் போச்சு, சரி. கணக்கு போகலயே. 2025ல ஜோனோட மேல்கோடு பேட்டர் உயரத்துல 55.75%, கீழ்க்கோடு 27.04%. 183 செ.மீ. ஆளுக்கு மேல்கோடு 102 செ.மீ., 170 செ.மீ. ஆளுக்கு 94.8. வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு பந்தோட விட்டம். அதே உயரத்துல போடுற ஃபாஸ்ட்பால் ஒருத்தருக்கு ஸ்ட்ரைக், அடுத்தவருக்கு பால். மேல்-கீழ் கணக்கை பிளேட்டோட நடுவுலயும் பின்விளிம்புலயும் பார்க்கிறாங்க, ரெண்டுலயும் தேறணும். நடுவுல கீழ்க்கோட்டைத் தொட்டுட்டு பின்னாடி அதுக்குக் கீழ சரியிற கர்வ், ஸ்ட்ரைக் இல்ல, 'பால்'தான். கேட்சர் க்ளவ்வை எங்க காட்டணும்னு இதை வச்சுத்தான் சொல்லித்தரணும்.

இன்சைட்_பிட்ச்:
தரையில குத்துற பந்தை மறந்துட்டீங்க. அதைப் பிடிக்கப் போனா கதை கந்தல். முதல்ல க்ளவ் தரைக்கு, ரெண்டு காலுக்கும் நடுவுல, அப்புறம் முழங்கால், தாடை நெஞ்சோட ஒட்டணும், தோள் முன்னாடி வளையணும். முகத்தைத் திருப்பினா தோள் விரிஞ்சிடும், பந்து பக்கவாட்டுல தெறிக்கும், ரன்னருக்கு ஒரு பேஸ் இலவசம். இதை எந்த மெஷினும் செய்யாது.

ஜம்சில்_கேலரி:
ஸ்டீல்?

முழங்கால்_கவசம்:
கேட்சர் பிடிச்சு 38.8 மீட்டர் தள்ளி ரெண்டாவது பேஸுக்கு எறிய 2 வினாடி ஆனா நல்ல கை. பிட்சர் அசைய ஆரம்பிச்சு பந்து கேட்சர்கிட்ட சேர 1.3 வினாடி ஆனா மொத்தம் 3.3, ரன்னர் மாட்ட வாய்ப்பு இருக்கு. பிட்சர் 1.5 எடுத்தா எந்தக் கையும் காப்பாத்தாது. திட்டு மட்டும் கேட்சருக்கு. பேட்டரி கோச் பாதி நேரம் பிட்சரோட காலைத்தான் பார்க்கணும்.

ஜம்சில்_கேலரி:
வேலை இருக்குன்னு ஒத்துக்கறேன். ஆனா 2009 ஜூன்ல, எஸ்கேவுல ஆடுறப்ப, பார்க்குக்கு அகில்லீஸ் (குதிகால் தசைநாண்) அறுந்துச்சு. இவர் இல்லாத எஸ்கே, கொரியன் சீரிஸ் ஏழாவது ஆட்டம் வரைக்கும் போயி நா ஜி-வானோட ஹோம்ரன்ல கியா அணிகிட்ட தோத்துச்சு. 2010ல இவர் திரும்பினார், கோப்பையும் திரும்பிச்சு. அந்த வித்தை அவர் தலைக்குள்ளதான் இருந்துச்சு, இன்னொருத்தருக்கு இறக்கித் தர முடியலன்னுதான் நான் சொல்றேன்.

இன்சைட்_பிட்ச்:
அப்ப மடுன்னு சொன்னதை வாபஸ் வாங்குங்க. மீதியை அடுத்த சீசன் பார்த்துட்டுப் பேசலாம்.