ராவ்4 பிரைமா, அவுட்லேண்டரா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பிளக்-இன் ஹைப்ரிட் (சார்ஜ் போட்டு மின்சாரத்திலும், தீர்ந்தால் பெட்ரோலிலும் ஓடும்) எஸ்யூவி வாங்கப் போகிறோம். 2023 மாடலில் டொயோட்டா ராவ்4 பிரைம், மிட்சுபிஷி அவுட்லேண்டர் இரண்டில் ஒன்று.

ராவ்4-இன் பேட்டரி 18.1 கிலோவாட் மணி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ-வின் கணக்கில் மின்சாரத்தில் மட்டும் சுமார் 68 கி.மீ. ஓடும். அவுட்லேண்டரில் 20 இருந்தும் 61தான், வண்டி கனம். ஆனால் மூன்றாவது வரிசை உண்டே! அம்மா அப்பாவும் கூட வருவார்கள் என்பதால் மனசு அங்கேதான் போகிறது. அதில் உட்கார்ந்தும் பார்த்தேன், முழங்கால் முன் சீட்டில் இடிக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் சரி.

அன்றாட ஓட்டம் இரண்டு பேட்டரியிலும் அடங்கிவிடும். நான் கேட்பது, சார்ஜ் தீர்ந்தபின் நெடுஞ்சாலையில் எது பெட்ரோலை அதிகம் குடிக்கிறது? அப்புறம், குளிரில் ஹீட்டர் போட்டால் அவுட்லேண்டரில் இன்ஜின் ஓட ஆரம்பிக்கிறதா? சில வருடம் ஓட்டியவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.