ஆக்லாந்திலிருந்து திருச்சி: எத்தனை மணி நேரம் ஆகும்? (அவசரம்)

காவிரிக்கரை:
அப்பாவுக்கு நெஞ்சு வலி, தஞ்சாவூரில் ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். நான் நியூசிலாந்தில் ஆக்லாந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தூரம் 11,300 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. மணிக்கு 900 என்று வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம்தானே? டிக்கெட் பார்த்தால் 19, 27, 34 மணி நேரம் என்று வருகிறது. எதை நம்புவது? தங்கை போன் மேல் போன் போடுகிறாள்.

ராஸ்கில் அக்கா:
தம்பி, முதலில் ஏதாவது சாப்பிட்டீர்களா? நான் 2009இல் கைக்குழந்தையோடு வந்தேன். சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம் நாற்காலியிலேயே கிடந்தேன். போன் கார்டைச் சுரண்டித்தான் அம்மாவிடம் பேசினேன். நீங்கள் துபாய் வழி போங்கள். ஒரே மூச்சில் 17 மணி நேரம், தூங்கிவிடலாம்.

ஹாமில்டன்வாசி:
திருச்சியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரச் சொல்கிறீர்களே அக்கா! ஆக்லாந்து-துபாய் மட்டுமே 14,200 கி.மீ. மெல்போர்ன் போனால் டெல்லிக்கு நேரடி விமானம் உண்டு.

மீன்குழம்பு:
இந்திய பாஸ்போர்ட் என்றால் ஆஸ்திரேலியாவில் விமானம் மாறவே டிரான்சிட் விசா வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் கைக்கு வர நாளாகும். தம்பி என்ன பாஸ்போர்ட் என்றே சொல்லவில்லையே?

ராஸ்கில் அக்கா:
விசாவைக்கூடச் சமாளிக்கலாம். திரும்பி வரும்போது இங்கே விமான நிலையப் படிவத்தில் மாவடு பாட்டிலை எழுதிக் கொடுக்க மறந்தேன், 400 டாலர் அபராதம்!

ஹாமில்டன்வாசி:
எனக்குக் கருவேப்பிலை போச்சு.

சாங்கி ராத்திரி:
மாவடுவை அப்புறம் பார்க்கலாம். தம்பி, சிங்கப்பூர் வழி போங்கள். ஆக்லாந்து-சிங்கப்பூர் 8,400 கி.மீ., பத்தே முக்கால் மணி நேரம். அங்கிருந்து திருச்சி 3,000 கி.மீ., நான்கு மணி நேரம். கூட்டிப் பாருங்கள், நேர்க்கோட்டைவிட நூறு கிலோமீட்டர்தான் கூடுதல். அதாவது வானத்தில் 15 மணி நேரம், மற்றதெல்லாம் காத்திருப்பு. உங்கள் 19 மணிக் கணக்கு சரி. இங்கே மதியம் 12க்கு ஏறினால் திருச்சியில் இரவு பன்னிரண்டரை. இப்போது ஜூலை, ஆறரை மணி நேர வித்தியாசம்.

இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாக எடுத்தால், சிங்கப்பூரில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்யும்போது அடுத்த விமானம் போய்விடும். கைப்பை மட்டும் போதும். சென்னைக்கு எடுக்காதீர்கள், அங்கிருந்து தஞ்சைக்கு ரோட்டில் ஆறு ஏழு மணி நேரம். கிளம்பும் முன் உங்கள் விசாவில் திரும்பி உள்ளே வர அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காவிரிக்கரை:
இந்திய பாஸ்போர்ட், வேலை விசா. பலமுறை வரலாம் என்றுதான் போட்டிருக்கிறது. ஒரே டிக்கெட்டாக எடுத்துவிட்டேன், நாளை மதியம். திருச்சிக்கு மாமா கார் கொண்டுவருகிறார்.

ராஸ்கில் அக்கா:
இங்கே வாங்கிய சார்ஜர் அங்கே பிளக்கில் சேராது. பழையதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.