மனைவி முதியோர் இல்ல வேலைக்குத் திரும்பினால் கேரர்ஸ் அலவன்ஸும் யூனிவர்சல் கிரெடிட்டும் எவ்வளவு குறையும்?

ஹரோவாசி:

அனைவருக்கும் வணக்கம். முள்ளந்தண்டு நோயினால் என்னால் வேலை செய்ய முடியாது என்று மருத்துவ மதிப்பீட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, யூனிவர்சல் கிரெடிட்டில் (குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குப் பிரித்தானிய அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகை) அதற்கான மேலதிகத் தொகையும், தனியாகப் பிப் கொடுப்பனவும் (நோய், இயலாமைக்கான உதவித்தொகை) பெற்று வருகிறேன். என்னைப் பராமரிப்பதற்காக வேலையை விட்ட என் மனைவி கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான வாராந்த உதவித்தொகை) பெறுகிறார். வாடகை வீடு. பிள்ளைகள் இருவர், மூத்தவருக்கு 14 வயது, இளையவருக்கு 9 வயது.

இப்போது மனைவிக்கு வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் வாரம் 18 மணித்தியால வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, அதாவது 2025–26 ஆண்டுக்கான மணிக்கு 12.21 பவுண், நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். அவருக்குப் போக விருப்பம். ஆனால், கேரர்ஸ் அலவன்ஸ் முழுவதும் நின்றுவிடும், யூனிவர்சல் கிரெடிட் வெட்டப்படும், மூத்த பிள்ளையின் இலவச மதிய உணவும் என் மருந்துகளுக்கான கட்டண விலக்கும் போய்விடும், கடைசியில் வேலைக்குப் போகாமல் இருந்ததே மேல் என்றாகிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மை என்று விவரம் அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

ஈஸ்ட்ஹாம் சிவம்:

வணக்கம் அண்ணா. முதலில் 18 மணித்தியாலம் என்பதை 16 ஆகக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 2025–26 ஆண்டில் கேரர்ஸ் அலவன்ஸுக்கான உழைப்பு வரம்பு வாரம் 196 பவுண். 16 மணித்தியாலத்துக்கு 195.36 பவுண்தான் வரும் என்பதால் அலவன்ஸ் தப்பிக்கொள்ளும். 18 மணித்தியாலம் என்றால் 219.78 பவுண். வரம்பைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டும் கழிக்கமாட்டார்கள். வாராந்தம் வரும் 83.30 பவுணும் அப்படியே நின்றுவிடும். வரம்பைச் சற்றே தாண்டியதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து, பின்னர் ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் பெற்ற பராமரிப்பாளர்களைப் பற்றி 2024இல் ஆங்கிலப் பத்திரிகைகள் எவ்வளவு எழுதின என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

குறொய்டன் கலா:

வணக்கம். மேலே சிவம் கூறிய வரம்பும் தொகையும் சரியானவை. ஆனால் அவை யூனிவர்சல் கிரெடிட் பெறாத குடும்பத்துக்கே அந்த அளவுக்குப் பொருந்தும். ஹரோவாசி குடும்பத்தின் நிலை வேறு. கேரர்ஸ் அலவன்ஸாக வருகிற ஒவ்வொரு பவுணும் யூனிவர்சல் கிரெடிட்டிலிருந்து ஏற்கனவே கழிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் யூனிவர்சல் கிரெடிட் மாதக் கூற்றைத் (கணக்கு விவரத்தை) திறந்து பார்த்தால், மற்ற உதவித்தொகைகளுக்கான கழிவு என்ற இடத்தில் ஏறத்தாழ 361 பவுண் இருக்கும். அலவன்ஸ் நின்றால் அந்தக் கழிவும் நின்று, அதே 361 பவுண் யூனிவர்சல் கிரெடிட்டாக வரும். ஆகவே அந்த வகையில் நட்டம் எதுவும் இல்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கூற்றை அச்சிட்டுக் காட்டிய பிறகுதான் என் மைத்துனியே நம்பினார்.

அதைவிட முக்கியமானது, யூனிவர்சல் கிரெடிட்டுக்குள்ளேயே பராமரிப்பாளருக்கென்று 2025–26 ஆண்டில் மாதம் 201.68 பவுண் தனியாகச் சேர்க்கப்படுகிறது. அதற்கு உழைப்பு வரம்பு கிடையாது. வாரம் 35 மணித்தியாலத்துக்குக் குறையாமல் உங்களைப் பராமரித்து வந்தால், அலவன்ஸ் நின்ற பின்னரும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், அந்தத் தொகை கணக்கில் இருக்கும். உங்கள் பிப் கொடுப்பனவை மனைவியின் சம்பளம் தொடவே தொடாது. வேலை செய்ய முடியாமைக்காக உங்களுக்குக் கிடைக்கும் தொகையும் கணக்கில் நிற்கும். ஒரு வீடு பெறக்கூடிய மொத்த உதவித்தொகைக்கான உச்சவரம்பிலிருந்து உங்கள் வீட்டுக்கு உள்ள விலக்கும் தொடரும்.

உண்மையில் குறைவது எது என்றால், சம்பளத்துக்காக வெட்டப்படும் பங்குதான். வீட்டில் பிள்ளைகளோ, வேலை செய்ய முடியாதவர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவரோ இருந்தால், சம்பளத்தின் ஒரு பகுதியை அரசு கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பெயர் வேர்க் அலவன்ஸ். வாடகைக்கும் உதவி பெறுகிறவர்களுக்கு 2025–26 ஆண்டில் அது மாதம் 411 பவுண். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வெட்டுவார்கள். 2021 நவம்பருக்கு முன்னர் இது 63 பென்ஸாக இருந்தது. உங்கள் மனைவிக்கு நான்கு வாரச் சம்பளம் 879 பவுண் அளவில் வரும். அதில் 411 போக மீதி 468. அதன் 55 வீதம் 257. ஆகவே சாதாரண மாதத்தில் யூனிவர்சல் கிரெடிட் 257 பவுண் குறைந்து, வீட்டுக்கு ஏறத்தாழ 620 பவுண் கூடுதலாக வரும். ஓய்வூதியப் பிடிப்பை நான் இதில் சேர்க்கவில்லை. அதைக் கழித்த பின்னரே சம்பளத்தைக் கணக்கில் எடுப்பார்கள் என்பதால் பெரிய மாற்றம் வராது. அந்தச் சம்பளத்துக்கு வருமான வரியோ தேசியக் காப்புறுதியோ இல்லை.

வேலைக்குப் போகாமல் இருப்பதே மேல் என்று உங்கள் உறவினர்கள் சொல்வதை இந்தக் கணக்கு தாங்காது.

ஈஸ்ட்ஹாம் சிவம்:

கழிவு பற்றிக் கலா அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். சேமிப்பு 16,000 பவுணுக்கு மேல் இருப்பதால் யூனிவர்சல் கிரெடிட்டே கிடைக்காத குடும்பங்களுக்கு நான் சொன்னது பொருந்தும் என்பதால் அதை நீக்காமல் விடுகிறேன். ஆனாலும் ஒன்று: அதே கணக்கில் 16 மணித்தியாலம் செய்தால் நான்கு வாரச் சம்பளம் 781 பவுண், வெட்டு 204, கையில் நிற்பது 577. வாரம் இரண்டு மணித்தியாலம் கூடுதலாக நின்று, முதியோரைத் தூக்கி இறக்கி வேலை செய்வதற்கு நான்கு வாரத்தில் 44 பவுண்தான். உங்கள் மனைவிக்கு வரக்கூடிய நாரிப்பிடிப்புக்கு (இடுப்பு வலிக்கு) அது பெறுமதியா என்பதையும் யோசியுங்கள்.

ஹரோவாசி:

இருவருக்கும் நன்றி. எங்கள் கூற்றில் அந்தக் கழிவு இருக்கிறது. இதுவரை அது என்னவென்றே கவனிக்கவில்லை. உணவு, மருந்து, கவுன்சில் வரி பற்றியும் தெரிந்தால் சொல்லுங்கள்.

குறொய்டன் கலா:

பாடசாலை உணவைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஆண்டுச் சம்பள வருமானம் 7,400 பவுணைத் தாண்டக் கூடாது என்ற விதி இருந்தாலும், ஏற்கனவே இலவச உணவு பெற்றுவரும் பிள்ளைகளுக்கு 2026 கோடைத் தவணை முடியும்வரை பாதுகாப்பு இருக்கிறது. 2026 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் யூனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் உணவு இலவசம் என்று அரசு அறிவித்துள்ளது. இளையவருக்கு லண்டன் மேயரின் திட்டத்தில் எப்படியும் கிடைக்கிறது.

மருந்துச் சீட்டுக் கட்டண விலக்குக்கு, பிள்ளைகள் உள்ள குடும்பமாயின் முந்தைய மதிப்பீட்டு மாதத்தில் (யூனிவர்சல் கிரெடிட் கணக்கிடப்படும் மாதம்) கைக்கு வந்த சம்பளம் 935 பவுணைத் தாண்டக் கூடாது. 879 அதற்குள் அடங்கும். ஆனால் இங்கேதான் நான்கு வாரச் சம்பளம் சிக்கலை உண்டாக்குகிறது. ஆண்டுக்கு 13 சம்பளம், மதிப்பீட்டு மாதங்களோ 12. எனவே ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு சம்பளமும் சேர்ந்து விழும். அந்த முறை 1,758 பவுணைக் கணக்கில் எடுத்து 741 பவுண் வெட்டுவார்கள்; வழக்கத்தைவிட யூனிவர்சல் கிரெடிட் 484 பவுண் குறைவாக வரும், வாடகை மட்டும் வழக்கம்போல வந்து நிற்கும். மருந்து விலக்கும் அதற்கு அடுத்த மதிப்பீட்டு மாதத்தில் தவறும். ஒரு மருந்துக்கு 9.90 பவுண் என்பதால், உங்களுக்குப் பல மருந்துகள் இருந்தால் அந்த மாதத்துக்கான சீட்டை முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத் தேதிகளை வாங்கி, உங்கள் மதிப்பீட்டு மாதம் தொடங்கும் தேதியோடு நாட்காட்டியில் ஒப்பிட்டால் அது எந்த மாதம் என்று இப்போதே தெரிந்துவிடும்.

கவுன்சில் வரிச் சலுகை ஒவ்வொரு கவுன்சிலிலும் வெவ்வேறு விதியில் நடக்கிறது. சில கவுன்சில்கள் வருமானத்தைப் படிகளாகப் பிரித்து வைத்திருப்பதால், ஒரு படி தாண்டினாலே சலுகை சட்டென்று இறங்கும். சிவம் சொன்ன அந்த 44 பவுணும் இதில் கரையக்கூடும் என்பதால், 16 மணித்தியாலமா 18 மணித்தியாலமா என்ற கேள்வியைக் கேரர்ஸ் அலவன்ஸை வைத்துத் தீர்மானிக்காமல், உங்கள் கவுன்சிலின் அட்டவணையை வைத்துத் தீர்மானியுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் எனும் இலவச ஆலோசனை நிலையத்தில் இரண்டு நிலைகளையும் போட்டுக் கணக்கிட்டுத் தரச் சொல்லலாம்.

வேலையை ஏற்றுக்கொண்டதும் யூனிவர்சல் கிரெடிட் ஜேர்னலில் (இணையக் கணக்கிலுள்ள செய்திப் பகுதி) எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். கேரர்ஸ் அலவன்ஸ் வேறொரு பிரிவு. அவர்களுக்கும் தனியாக அறிவிக்க வேண்டும். சம்பள விவரம் வரித் திணைக்களம் வழியாகத் தானாகப் போய்விடும் என்று நம்பி இருந்தவர்கள்தான் பின்னர் திருப்பிக் கட்டும் கடிதங்களைப் பெற்றார்கள். அலவன்ஸ் நின்ற பிறகு வரும் முதல் கூற்றில் அந்த 361 பவுண் கழிவும் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீக்கப்படாவிட்டால் அன்றே ஜேர்னலில் கேளுங்கள். பராமரிப்பாளருக்கான 201.68 பவுண் அதே கூற்றில் தொடர்ந்து இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.