முள்ளோடையில் யாரும் இறங்காத பஸ்

கெடிலக்கரையான்:

குடியை எப்படி விட்டீர்கள் என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். "மன உறுதிதான்" என்று ஒரு வரி பதில் போட்டேன். அப்புறம் இரண்டு நாள் எனக்கே கூச்சமாக இருந்தது, ஏனென்றால் அது பொய். நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். குடி என்றில்லை, எந்தப் பழக்கமானாலும் சரி, டிவியோ போனோ கூடப் பழகுகிறவர்களோ உங்களை மாற்றியது, மாறவிடாமல் இழுத்தது ஏதாவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

எனக்கு வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர். வேலை புதுச்சேரியில், ஒரு இரும்புக் கடையில் கணக்கு. இருபது வருடமாக பஸ்தான். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை என்று வந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் அந்த ரோடு தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லவே வேண்டாம். எல்லை நெருங்க நெருங்க மதுக்கடை போர்டுகள் பெரிதாகும், விளக்கு கூடும். இரவு எட்டு மணி பஸ்ஸில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு செட். முள்ளோடை வந்தால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுவோம். எனக்கு வேண்டும் என்று தோன்றி எழுந்தேனா, அவர்கள் எழுந்ததால் எழுந்தேனா என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

இதை முதலில் யோசிக்க வைத்தது ஐயப்பன் மாலை. வருடா வருடம் கார்த்திகை முதல் தேதி போடுவேன். ஒரு மண்டலம் ஒரு சொட்டு கிடையாது. கை நடுங்கியதில்லை, கனவில்கூட பாட்டில் வந்ததில்லை. அதே கடை, அதே பஸ், அதே முள்ளோடை. ஆனால் கண்டக்டர் "சாமி, உள்ளே போங்க" என்பார். முதலாளி, எல்லோரையும் வாய்க்கு வந்தபடி பேசும் மனிதர், "சாமி, அந்த பில்லை எடுங்க" என்பார். செட் ஆட்கள் இறங்கும்போது, "சாமிக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிட்டு வரட்டா?" என்பார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே அவர்களே, "அப்பாடா, மறுபடி மனுஷனாயிட்டீங்க, வாங்க" என்று தோளில் கை போடுவார்கள். நானும் போவேன். உறுதி என்னிடம்தான் இருந்தது என்றால் சாயங்காலத்துக்குள் அது எங்கே போனது?

இன்னொன்று. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது நினைவிருக்கும். 2017 ஏப்ரல் 1 முதல் எங்கள் ரோட்டில் விளக்குகள் அணைந்தன. இறங்கினால் உள்ளே நடந்து போக வேண்டும், அதற்குள் பஸ் போய்விடும். அந்தச் சில மாதங்கள் நான் பாதிதான் குடித்தேன். திருந்தவெல்லாம் இல்லை, சுத்த சோம்பல். பிறகு உத்தரவு தளர்ந்து விளக்குகள் திரும்பியதும் நானும் திரும்பினேன். பாட்டிலில் "மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு" என்று அத்தனை வருடம் படித்தவன் நான். எந்த எழுத்தும் செய்யாததை அந்த 500 மீட்டர் செய்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன், எங்கள் செட்டில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்து இறந்தார். நாற்பத்தாறு வயது. காரியத்துக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராக எங்கே போனோம் என்று எழுதக் கை வரவில்லை. மறுநாள் முதலாளியிடம் ஒரு மணி நேரம் முன்னால் வந்து ஒரு மணி நேரம் முன்னால் போகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். காரணத்தை அவர் கேட்கவில்லை, தெரிந்திருக்கும்.

ஏழு மணி பஸ் வேறு உலகம். நர்சிங் படிக்கிற பிள்ளைகள், துணிக்கடையில் நிற்கிற பெண்கள், காலிக் கூடையோடு மீன்கார ஆயாக்கள், ஒரு ரிட்டயர்டு வாத்தியார். ரோடும் கடையும் அதேதான். ஆனால் முள்ளோடையில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். முதல் வாரம் எனக்குத் தொடை தானாகத் துடித்தது, நிஜமாகத்தான். நான் எழுந்தால் அத்தனை பேரும் பார்ப்பார்களே என்று உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கத்தை மன உறுதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான்.

போனை மறந்துவிட்டேன். ரீல்ஸ் திறந்தால் குடிகாரக் காமெடி, பார் பாட்டு, "சண்டேன்னா என்ன பாஸ்" என்று கிளாஸைத் தூக்கிக் காட்டுகிறவர்கள். ஒவ்வொன்றாக "ஆர்வமில்லை" என்று அழுத்தி, வேண்டுமென்றே மாடித்தோட்டமும் படகு இன்ஜின் ரிப்பேரும் பார்த்தேன். பத்து நாளில் போன் முழுக்கக் கத்திரிச் செடி. நண்பர் ஒருவர் அனுப்பிய ஒரே ஒரு சரக்கு ஜோக்கை இரண்டு தடவை பார்த்தேன், மறுநாள் பழைய கூட்டம் மொத்தமும் திரும்ப வந்துவிட்டது. டிவியில் மதுவுக்கு விளம்பரம் கூடாது என்று விதி இருக்கிறது, அதனால் அதே பெயரில் சோடா விளம்பரம் வருகிறது. கிரிக்கெட் நடுவே அதைப் பார்த்து எனக்கு ஒருநாளும் சோடா தாகம் எடுத்ததில்லை.

செட்டின் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து வெளியே வந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். "பெரிய மனுஷன் ஆயிட்டாரு" என்று பேசினார்களாம். ஒரு காதுகுத்து விசேஷத்தில் மச்சான், "ஒரு பீர் மாமா, அதெல்லாம் குடியிலயே சேராது" என்று கையில் திணித்தார். வாங்கி, வாழை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தேன். இன்றுவரை அவர் சரியாகப் பேசுவதில்லை.

லாஸ்பேட்டை அக்கா:

எனக்குக் குடி இல்லை, சீரியல். பிறந்த வீடு குறிஞ்சிப்பாடி பக்கம். 2011 டிசம்பர் 30 தானே புயல். பலாவும் முந்திரியும் வேரோடு போயின, கரண்ட் கம்பமெல்லாம் படுத்துவிட்டது. எங்கள் ஊருக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நாலு சீரியல் தொடர்ந்து பார்க்கிற அம்மா, ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் தாத்தா கதை சொல்ல ஆரம்பித்தார். பத்து வருடமாகப் பேச்சு நின்றிருந்த எதிர்வீட்டுச் சித்தி, அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் கேட்டு வந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். இனிமேல் டிவியே வேண்டாம் என்று அம்மா வாயால் சொன்னதை நான் கேட்டேன்.

கரண்ட் வந்த அன்று இரவு எட்டரைக்கு டிவி ஓடியது. விட்ட கதை ஒன்றும் பெரிதாக நகரவில்லை என்பதில் அம்மாவுக்குச் சந்தோஷம். சித்தி மட்டும் இன்றும் வருகிறார், இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள்.

முதுநகர் தோணி:

அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நான் புதுச்சேரியில் ஒரு பாரில் ஒன்பது வருடம் சப்ளையர். கண்ணெதிரே பாட்டில், மூக்கு நிறைய வாடை, நாள் முழுக்கக் குடிகாரர் சகவாசம். ஒரு மூடி தொட்டதில்லை. சுற்றியிருப்பதுதான் மனிதனை ஆக்கும் என்றால் நான் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மனசுதான் எல்லாம். பஸ் மேலே பழி போடாதீங்க.

கோரிமேட்டுக்காரன்:

ஒரு விஷயம் மட்டும். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். என் அக்கா வீட்டுக்காரர் அப்படி நிறுத்தினார். முதல் நாள் கை நடுக்கம், வேர்வை. இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கப் பார்த்தார்கள். ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகுதான், திடீரென்று நிறுத்தினால் உடம்பு இப்படி ஆகும், உயிருக்கே ஆபத்து, மருந்து கொடுத்துத்தான் குடியை நிறுத்த வைக்க வேண்டும் என்று தெரிந்தது. மனநலப் பிரிவுக்குப் போவதில் கேவலம் ஒன்றும் இல்லை.

கெடிலக்கரையான்:

கோரிமேட்டுக்காரர் சொன்னதை நான்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்கு ராத்திரி ஒரு குவாட்டரோடு நிற்கும், மாலை போடும்போது ஒன்றும் ஆகாததால் தப்பித்தேன். எல்லோருக்கும் அப்படி இருக்காது.

தோணி தம்பிக்கு: கோபமே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த பாரில் நீங்கள் தட்டு ஏந்தி நின்ற பக்கம் வேறு, நாங்கள் உட்கார்ந்த பக்கம் வேறு. உங்களை யாராவது "வா, உட்காரு, ஒரு கட்டிங்" என்று தோளில் கை போட்டிருந்தால், அதுவும் உங்கள் உயிர் நண்பன், அதுவும் தினமும்? எனக்கு அதுதான் நடந்தது. உங்கள் மனசு என்னுடையதைவிடக் கெட்டியாகவும் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. எனக்கு இருக்கிற மனசுக்கு ஏழு மணி பஸ் வேண்டியிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை கணக்கு முடிய நேரமாகி, எட்டு மணி பஸ்ஸில் ஏற வேண்டியதாகிவிட்டது. பழைய செட்டில் ஒருவர் பக்கத்தில். முள்ளோடையில் அவர் இறங்கினார், நான் ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி வந்தவர் பையை என் காலடியில் வைத்துவிட்டு, "கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் போலீஸ் ஏறியது. பையைத் தூக்கினால் கிணுகிணு என்று சத்தம்.

"யாருது?"

பக்கத்தில் குறட்டை.

"என்னுது இல்ல சார். நான் நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆச்சு."

"எல்லாரும் அதைத்தான்யா சொல்றீங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. குறட்டை விட்டவரும் சேர்ந்து சிரித்ததால் மாட்டிக்கொண்டார்.