இரையைக் கக்கும் பாம்பு: உங்கள் அனுபவம் என்ன?

செம்புள்ளி:

நான் வளர்த்தது கார்ன் ஸ்னேக் என்ற வகைப் பாம்பு, வளர்ந்த பெண். சூடு, ஈரப்பதம், இரையின் அளவு எல்லாம் சரியாகத்தான் இருந்தன, அதைக் கேட்காதீர்கள். எலியை விழுங்கி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கக்கும். அடுத்த முறையும் அதே கதை. மருத்துவர் எச்சத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, கிரிப்டோ (இரைப்பையைத் தாக்கும் ஒட்டுண்ணி) இல்லை, மன அழுத்தம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இன்னும் மனதைக் குடைவது ஒன்றுதான். வயிறு காலியாக இருக்க வேண்டிய நாளில் கையில் எடுத்து அடிப்பக்கம் விரலை ஓட்டினேன். நடுவயிற்றில் கெட்டியாக ஒரு வீக்கம், அப்போதுதான் விழுங்கிய இரைபோல. ஆனால் உள்ளே இரை எதுவும் இல்லை. அன்று மாலையே இடுக்கியில் இருந்த எலியைப் பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டது. பசி கொஞ்சமும் குறையவில்லை. அதனால்தான் நோய் என்று சொன்னாலும் யாரும் நம்பவில்லை.

வேறொரு மருத்துவர் இரைப்பையைக் கழுவி எடுத்த நீரைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினார். கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ். உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை, பாரோமோமைசின் கிருமி வெளியேறுவதைக் குறைக்கும், அவ்வளவுதான் என்றார். கருணைக்கொலைக்குப் பிறகு திறந்து காட்டினார். இரைப்பைச் சுவர் தடித்து, மடிப்பு மடிப்பாக வீங்கி, நடுவில் இரை போக வழியே இல்லாமல் குறுகியிருந்தது. இந்தக் கிருமி எச்சத்தில் விட்டுவிட்டுத்தான் வெளிவரும். ஒரு தடவை தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?

இரவாடி:

செம்புள்ளி, வருத்தமாக இருக்கிறது. ஆனால் இதைப் படிப்பவர்கள் பாம்பு ஒரு தடவை கக்கினாலே கிரிப்டோ என்று பதறிவிடுவார்கள். என் பால் பைத்தான் (ball python, ஒரு வகை மலைப்பாம்பு) கக்கியதற்குக் காரணம் வெறும் குளிர். தெர்மோஸ்டாட்டின் சென்சார் நகர்ந்து, பெட்டியைச் சூடாக்கும் ஹீட் மேட்டோடு ஒட்டிக்கொண்டது. பெட்டிக்குள் சூடு ஏறும் முன்பே அது மின்சாரத்தை நிறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சூடான மூலையிலேயே 24 டிகிரிதான்.

நாற்றத்தில்தான் விழித்தேன். விளக்கைப் போட்டால், கோழை பூசிய எலி கிடக்கிறது. தலைப்பக்கம் கூழாகிவிட்டது, பின்னங்கால்களும் வாலும் மயிர்கூட உதிராமல் அப்படியே இருக்கின்றன. பாம்பு தலையை முதலில் விழுங்குவதால் செரிமானமும் அங்கிருந்துதான் தொடங்கும். சூடு இல்லாமல் பாதியிலேயே நின்றுபோனது. இரை உள்ளே அழுகுவதற்குள் வெளியே தள்ளியாக வேண்டுமே. பக்கத்தில் அது தலையைத் தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்த வாயசைவு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சூட்டைச் சரிசெய்த பிறகு கக்கவே இல்லை. பிசிஆரும் தேவைப்படவில்லை, ஒன்றும் தேவைப்படவில்லை.

பத்துப்பெட்டி:

   இங்கே யாரும் அடிப்படையைச் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

கக்கிய பாம்பு மெலிந்து தெரிகிறதே என்று உடனே அடுத்த எலியை நீட்டாதீர்கள். அமிலம் பட்டு உணவுக்குழாய் புண்ணாகியிருக்கும். 10 முதல் 14 நாள் தண்ணீர் மட்டும் போதும். அப்புறம் வழக்கமான இரையில் பாதி அளவு. அது தங்கினால் அடுத்ததைக் கொஞ்சம் பெரிதாகக் கொடுக்கலாம். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரை கொடுத்து 48 மணி நேரம் கையில் எடுக்கவே கூடாது. உடம்பின் மிகப் பருமனான இடத்தைவிட இரை தடிமனாக இருக்க வேண்டாம். உறைந்த எலி நடுப்பகுதிவரை இளகிவிட்டதா என்று அமுக்கிப் பாருங்கள்.

பர்மிய மலைப்பாம்பை வைத்துச் செய்த ஆய்வுகளைப் படித்தால் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும். பட்டினியில் இருக்கும்போது அதன் இரைப்பையில் அமிலமே இருக்காது. இரை உள்ளே போன பிறகுதான் அமிலம் சுரக்கிறது, சிறுகுடலின் எடை இரண்டு மடங்காகிறது, இதயம்கூடப் பெரிதாகிறது. ஒவ்வொரு வேளைக்கும் வயிற்றை முதலிலிருந்து தொடங்குகிற பிராணிக்கு அவசரப்படுத்தினால் ஆகுமா? கழிச்சலும் இருந்தால் மெட்ரோனிடசோல் கொடுத்துப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை.

ஓட்டுக்காரன்:

பத்துப்பெட்டி, மற்றதெல்லாம் சரி, அந்தக் கடைசி வரியை தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

என்னிடம் கிங் ஸ்னேக்கும் ஆமையும் உண்டு. தனித்தனித் தொட்டி, ஆனால் ஒரே இடுக்கி, ஒரே வாளி. ஒரு நாள் பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தில் இளஞ்சிவப்பாகச் சளிபோல ஏதோ மிதந்தது. சட்டை உரித்த தோல் ஊறிக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இரத்தம் கலந்த கழிச்சல் அது. மருத்துவர் புதிய எச்சத்தை நுண்ணோக்கியில் வைத்து, என்டமீபா இன்வேடன்ஸ், ஒரு வகை அமீபா என்றார். ஆமை நோய்க்குறி எதுவும் இல்லாமல் இதைச் சுமக்கும், பாம்புக்கு வந்தால் குடலையே புண்ணாக்கிவிடும்.

மருந்து மெட்ரோனிடசோல்தான், மறுக்கவில்லை. ஆனால் பாம்பை எடைபோட்டுக் கணக்கிட்டுக் கொடுத்தார். கிங் ஸ்னேக்குக்கு இந்த மருந்து சீக்கிரம் ஒத்துக்கொள்ளாமல் போகும், அதனால் அளவு குறைவு. கூடினால் நரம்பு பாதிக்கும். கழிச்சல் அமீபாவா, புழுவா, பாக்டீரியாவா என்றே தெரியாமல் எதற்குக் கொடுப்பீர்கள்? என் பாம்பு பிழைத்தது, ஆனால் பழைய பருமன் திரும்பவே இல்லை.

நீர்க்கோலி:

குளிர், கிரிப்டோ, அமீபா என்றே பேசுகிறீர்கள். போவா என்ற பெரிய பாம்பு வைத்திருப்பவர்கள் ஐபிடியையும் (Inclusion Body Disease, நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்) நினைவில் வையுங்கள். என் போவாவும் கக்குவதில்தான் தொடங்கியது. ஒரு நாள் கையிலிருந்து இறக்கும்போது மல்லாந்து விழுந்தது. திரும்பிக்கொள்ளும் என்று காத்திருந்தேன், திரும்பவில்லை. வயிறு மேலே தெரிய அப்படியே கிடந்தது, நாக்கை மட்டும் நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டது. அரீனாவைரஸ் குடும்பத்து வைரஸ்தான் இதற்குக் காரணம் என்று 2012-க்குப் பிறகுதான் தெளிவானது. அதற்கும் மருந்து கிடையாது.

இரவாடி, உங்களுக்குச் சோதனை தேவைப்படவில்லை, நல்லது. ஒரு தடவை கக்கினால் தெர்மோமீட்டரைப் பாருங்கள் என்று நானும் சொல்வேன். சூடு சரியாக இருந்தும் மறுபடி கக்கினால் சோதனை செய்யாமல் விடக் கூடாது. இதில் நான் செம்புள்ளி பக்கம்.

செம்புள்ளி, அந்தப் பெட்டியைப் பிளீச் போட்டுத்தான் கழுவினீர்களா? கிரிப்டோ அதற்குச் சாகாது. அம்மோனியா கரைசலை நெடுநேரம் ஊறவிட வேண்டும், இல்லாவிட்டால் நீராவி. பிளீச்சையும் அம்மோனியாவையும் மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சுப்புகை வரும். மரக்கிளை, மறைவிடம் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடுங்கள். அதே அறையில் வேறு பாம்பு இருந்ததா? இருந்தால் அவற்றுக்கு எச்சச் சோதனை மட்டும் போதும் என்றாரா, இரைப்பையையும் கழுவிப் பார்க்கச் சொன்னாரா?